அட்டெண்டன்ஸ் 68, பாஸ் மார்க் 30: கல்லூரி ஃபுட்பால் வீரர் படிப்பையும் கைவிடாமல் ஆடுவது எப்படி

நீரோடி முதல் இரையுமன்துறை வரைக்கும், அந்தப் பக்கம் பொழியூர், பூவார் வரைக்கும், கடற்கரையில் பந்து உருளாத சாயங்காலம் இல்லை. பிளஸ் டூ முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் இரண்டாகப் பிரிகிறார்கள். சிலர் தூத்தூர், மார்த்தாண்டம், நாகர்கோவில் கல்லூரிகளில் சேர்ந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறார்கள். சிலர் களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டிப் போய் கேரளப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர்கிறார்கள். ஒரே மணலில் பந்து தட்டிப் பழகியவர்கள் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் எதிரெதிர் ஜெர்சியில் நிற்க நேரலாம். ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும், ஊருக்குத் திரும்பியதும் இரண்டு பேருக்கும் காத்திருப்பது ஒன்றுதான்: அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரும் அரியர் லிஸ்ட்டும்.

இந்த வழிகாட்டி அந்த ரிஜிஸ்டரைப் பற்றியது. நன்றாக ஆடுகிற பிள்ளை மூன்று வருஷம் கழித்து டிகிரி இல்லாமல் வெளியே வருவதற்குப் பெரும்பாலும் மூளை காரணமாக இருப்பதில்லை. அவனுக்காக யாரும் கணக்கு வைக்கவில்லை, அவனும் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அங்கே கணக்கு வைக்க ஓர் ஆபீஸே உண்டு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். நம் ஆட்டத்தை அவர்கள் சாக்கர் என்பார்கள். ஆட்டம் வேறாக இருந்தாலும், படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துக் கட்டிய அவர்களுடைய முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் பிரிவில் ஆடும் மாணவர் இரண்டாம் ஆண்டு முடிவில் தன் பட்டப்படிப்புக்கு வேண்டியதில் 40 சதவீதமும், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 சதவீதமும், நான்காம் ஆண்டு முடிவில் 80 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். முடிக்காதவருக்கு ஆட்டம் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும், அதாவது செமஸ்டரிலும், குறைந்தது 6 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் வைத்திருக்கும் அலகு) தேற வேண்டும். ஃபுட்பால் வீரர்களுக்கு இன்னும் கறார்: ஆட்டம் நடக்கும் இலையுதிர் பருவத்தில் 9 கிரெடிட் எடுக்காவிட்டால் அடுத்த சீசனின் முதல் 4 ஆட்டங்களில் உட்கார வேண்டியதுதான். அணிக்கும் தனியாக ஒரு மதிப்பெண் உண்டு. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு வீரருக்கும் பருவத்துக்கு இரண்டு புள்ளி: படிப்பில் தேறியிருந்தால் ஒன்று, கல்லூரியை விட்டுப் போகாமல் இருந்தால் ஒன்று. மொத்த அணியின் கணக்கு 1000-க்கு 930-க்குக் கீழே இறங்கினால் அணியே தண்டனைக்கு உள்ளாகலாம். பயிற்சிக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு.

இதையெல்லாம் எண்ணிப் பார்க்க ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். அது வயதைப் பார்க்கும், நீங்கள் முழுநேர மாணவர்தானா என்று பார்க்கும், அட்மிஷன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். பருவத்துக்குப் பருவம் கிரெடிட்டை எண்ணி, குறைந்தவரை அணியிலிருந்து நிறுத்தும் ஏற்பாடு இங்கே இல்லை. ஏழு அரியரோடும் ஒருவர் ஸ்ட்ரைக்கராக இறங்கலாம். கேட்க நல்லதாகத் தோன்றும். உண்மையில் அதுதான் ஆபத்து, ஏனென்றால் எச்சரிக்கை மணி எங்கேயும் அடிப்பதில்லை. அந்த மணியை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு 40 பக்க நோட்டு போதும். நான்கு பகுதியாகப் பிரியுங்கள்: வராத நாட்கள், ஓ.டி. (ஆன் டூட்டி: கல்லூரிக்காக வெளியே போன நாளை வந்த நாளாக எண்ணும் அனுமதி) கடிதங்கள், இன்டர்னல் மார்க், தேறிய கிரெடிட். பந்து பையில் பூட்ஸோடு சேர்ந்து அந்த நோட்டும் இருக்கட்டும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவர் போட்டு.

அட்டெண்டன்ஸ்: 22 நாள்தான் உங்கள் சொத்து

தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு செமஸ்டர் 90 வேலை நாள். 75 சதவீதம் என்றால் 67.5, அதாவது 68 நாள் வகுப்பில் இருக்க வேண்டும். நீங்கள் இழக்கக்கூடியது 22 நாள். வழக்கமான கணக்கில் 65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர் (59 முதல் 67 நாள்) காரணம் காட்டி, பணம் கட்டி, கண்டனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கும் அனுமதி) வாங்கித் தேர்வு எழுதலாம். 65-க்குக் கீழே போனால் அந்தச் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. 50-க்கும் கீழே, அதாவது 45 நாளுக்குக் குறைந்தால், அந்தச் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டி வரும். கேரளப் பக்கமும் 75 சதவீதம்தான். ஆனால் கண்டனேஷனை எத்தனை நாளுக்கு, படிப்புக் காலம் முழுக்க எத்தனை முறை எடுக்கலாம் என்பதற்கு அங்கே எல்லை உண்டு. முதல் செமஸ்டரிலேயே அதைச் செலவழித்துவிட்டால், ஐந்தாம் செமஸ்டரில் முழங்கால் திரும்பும்போது கையில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

இப்போது ஒரு வீரரின் செமஸ்டரைப் போட்டுப் பாருங்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி 4 நாள். அதில் தேர்வானால் பல்கலைக்கழகக் கேம்ப் 10 நாள். பயணம் போக வர 2 நாள். தென்மண்டலப் போட்டி 6 நாள். கூட்டினால் 22. இருந்த சொத்து முழுக்கத் தீர்ந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு காய்ச்சல் வந்தாலோ, ஊரில் திருவிழாவுக்கு இரண்டு நாள் நின்றாலோ, கோட்டுக்குக் கீழேதான்.

ஆகவே ஓ.டி. என்பது சலுகை என்று நினைக்காதீர்கள், அது இல்லாமல் கணக்கு நிற்காது. ஓ.டி. கிடைத்த நாள் வந்த நாளாகச் சேரும். அந்த 22 நாளையும் ஓ.டி.-யில் காப்பாற்றிவிட்டால், உங்கள் சொந்த 22 நாள் அப்படியே காயத்துக்கும் காய்ச்சலுக்கும் வீட்டுத் தேவைக்கும் இருக்கும்.

ஓ.டி. கடிதம் எங்கே தவறுகிறது

"பி.டி. சார் சொல்லிட்டார், நீங்க போங்க" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம். பி.டி. சார், அதாவது உடற்கல்வி இயக்குநர், பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது ஆபீஸுக்குப் போய்ச் சேரவில்லை. ரிஜிஸ்டர் டிபார்ட்மெண்டில் இருக்கிறது, ஓ.டி. உத்தரவு பி.டி. ரூமில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டியவர் நீங்கள்.

கடிதம் கிளம்புவதற்கு முன்பே போக வேண்டும். அணித் தேர்வுப் பட்டியல் வந்த அன்றோ மறுநாளோ எழுதிவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, நான் இளங்கலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், பதிவு எண் ____. பல்கலைக்கழக ஆண்கள் கால்பந்து அணிக்குத் தேர்வாகி, ____ முதல் ____ வரை பயிற்சி முகாமிலும், ____ முதல் ____ வரை தென்மண்டலப் போட்டியிலும் கலந்துகொள்கிறேன். பயண நாட்கள் ____, ____. இவற்றில் வரும் ____ வேலை நாட்களுக்கு ஓ.டி. வழங்கவும், இந்நாட்களில் நடக்கும் உள்தேர்வை வேறு நாளில் எழுத அனுமதிக்கவும் வேண்டுகிறேன். பல்கலைக்கழக அழைப்புக் கடிதத்தின் நகல் இணைத்துள்ளேன்."

இதில் மூன்று இடத்தைக் கவனியுங்கள். பயண நாளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் போட்டி நாள் மட்டுமே சேரும். வேலை நாளை நீங்களே எண்ணி எழுத வேண்டும். ஞாயிறையும் சேர்த்து 18 என்று எழுதினால் ஆபீஸ் திருப்பி அனுப்பும், அதற்குள் நீங்கள் ரயிலில் இருப்பீர்கள். உள்தேர்வு பற்றிய வரி கட்டாயம் இருக்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு ஓ.டி. கிடைத்துவிடும், இன்டர்னலில் மட்டும் பூஜ்யம் விழுந்திருக்கும், ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

பி.டி. சார், ஹெச்.ஓ.டி., முதல்வர் மூன்று பேரின் கையெழுத்தும் வாங்கியபின் மூன்று நகல் எடுங்கள். ஒன்று ஆபீஸுக்கு, ஒன்று டிபார்ட்மெண்டுக்கு, ஒன்று உங்கள் நோட்டுக்கு. உங்கள் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று ஆபீஸ் முத்திரை இருக்கட்டும். திரும்பி வந்த முதல் வாரத்திலேயே பங்கேற்புச் சான்றிதழ் நகலைக் கொடுத்து, அட்டெண்டன்ஸில் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மாதக் கடைசியில் கணக்கு மூடியபின் திருத்துவது பெரும் பாடு.

இன்னொன்று. காலை ஒரு அவர் (பீரியட்) போனாலும் அரை நாள் என்று எழுதும் கல்லூரிகள் பல உண்டு. காலைப் பயிற்சி எட்டு மணிக்கு முடிந்து, குளித்து, பஸ் பிடித்து முதல் அவருக்குப் போய்ச் சேர்வது முடியாவிட்டால், பயிற்சி நேரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னே நகர்த்தும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள். வாரத்தில் நான்கு நாள் முதல் அவரை விட்டால் இரண்டு நாள் அட்டெண்டன்ஸ் போகிறது. மாதத்துக்கு எட்டு நாள்.

இன்டர்னல்: ஒருமுறை போனால் போனதுதான்

நம் பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தேற செமஸ்டர் தேர்வில் 75-க்கு 30, மொத்தத்தில் 100-க்கு 40 வேண்டும் என்பது வழக்கமான அளவு. செமஸ்டர் தேர்வில் விழுந்தால் மறுபடி எழுதலாம். இன்டர்னலை மறுபடி எழுத பல இடங்களில் வழியே இல்லை. இரண்டாம் உள்தேர்வன்று கேம்ப்பில் இருந்து 6 மார்க்கோடு நின்றுவிட்டால், அந்த 6 கடைசிவரை கூடவே வரும்.

அதன் விலை என்ன என்று பாருங்கள். இன்டர்னலில் 18 இருந்தால், முதல் வகுப்புக்கான 60-ஐத் தொட தேர்வில் 75-க்கு 42 போதும். 8 இருந்தால் 52 வேண்டும். இன்டர்னல் 6 என்றால் வெறும் பாஸுக்கே 34 வேண்டும். உள்தேர்வில் 10 மார்க் எடுப்பது ஒரு சாயங்காலப் படிப்பு. செமஸ்டர் தேர்வில் 10 மார்க் கூட்டுவது ஒரு வாரப் படிப்பு. நேரம் இல்லாதவன் எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

அசைன்மெண்டை கேம்ப்புக்குப் போகும் முன்பே கொடுத்துவிடுங்கள். தலைப்பு வரவில்லையென்றால் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்: "டீச்சர், பதினாலாம் தேதி கேம்ப்புக்குப் போறேன், அசைன்மெண்ட் டாபிக் இப்பவே தந்தா எழுதி வெச்சிட்டுப் போவேன்." இப்படி முன்கூட்டி வந்து கேட்கும் மாணவனுக்கு இல்லை என்று சொல்லும் ஆசிரியர் அரிது. போட்டி முடிந்து வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவனுக்குத்தான் பதில் மாறும். அறிவியல் படிப்பவர்களுக்கு லேப் தனிப் பிரச்சினை. வேறு பேட்ச்சோடு அந்த வாரமே செய்ய அனுமதி கேளுங்கள், ரெக்கார்டு நோட்டில் அன்றே கையெழுத்து வாங்குங்கள். ஐந்து சோதனை சேர்ந்துவிட்டால் செமஸ்டர் கடைசியில் செய்து முடிக்க முடியாது.

தேர்வு: ஐந்து யூனிட்டை எப்படிப் பிடிப்பது

75 மார்க் வினாத்தாள் பல இடங்களில் இப்படி இருக்கும்: ஒரு மார்க் கேள்வி 10, ஐந்து மார்க் கேள்வி 5, எட்டு மார்க் கேள்வி 5. ஐந்து யூனிட்டுக்கும் சமமாகப் பிரிந்து, பெரிய கேள்விகளில் "இது அல்லது அது" இருக்கும். ஆக ஒரு யூனிட்டுக்கு 2+5+8, மொத்தம் 15 மார்க். உங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள் மூன்றை எடுத்து இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேம்ப்பால் இரண்டு யூனிட் முழுக்கப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் மூன்று யூனிட்டில் 45 மார்க் இருக்கிறது. அதில் நூற்றுக்கு எழுபது எடுத்தால் 31. இன்டர்னலில் 9 இருந்தால் பாஸ். இது ஆபத்துக் காலத்துக்கான கணக்கு, ஒவ்வொரு தாளிலும் இதையே செய்தால் வாழ்நாள் முழுக்க 40 மார்க்கோடு நிற்க வேண்டியதுதான். ஆனால் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஐந்து யூனிட்டையும் அரைகுறையாகத் தொட்டு 24 எடுப்பதைவிட, மூன்றைச் சரியாகப் படித்து, மிச்ச இரண்டில் ஐந்து மார்க் கேள்வியை மட்டும் தயார் செய்வது மேல்.

கேம்ப்பில் படிக்க முடியாது என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். காலைப் பயிற்சிக்கும் சாயங்காலப் பயிற்சிக்கும் நடுவில் நீண்ட பகல் இருக்கிறது. சாப்பிட்டுத் தூங்கி எழுந்தபின் 45 நிமிஷம், ஒரு யூனிட்டில் ஓர் எட்டு மார்க் கேள்வி, பார்க்காமல் எழுதிப் பார்ப்பது. பத்து நாளில் பத்துக் கேள்வி. கனமான புத்தகம் வேண்டாம், நோட்ஸை நகல் எடுத்து எடுத்துப் போங்கள். குழித்துறையில் ஏறித் தினமும் திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்களுக்கு ரயில் நேரமே ஒரு மணி நேரம். கூட்டத்தில் நின்றுகொண்டு எழுத முடியாது, ஒரு மார்க் கேள்விகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

எல்லையோரத்தில் ஒரு சிக்கல்: பக்கத்து வீட்டு அண்ணன் கேரளத்தில் பி.காம்., நீங்கள் இந்தப் பக்கம் பி.காம். பேர் ஒன்று, சிலபஸ் வேறு. அவர் நோட்ஸை வாங்கி அப்படியே படித்தால் வராத பாடத்தைப் படித்திருப்பீர்கள். கணக்குப்பதிவியல், புள்ளியியல் அடிப்படைகளை அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம், அதில் எல்லை இல்லை. தேர்வுக்கு உங்கள் பல்கலைக்கழகத்து சீனியரின் நோட்ஸும் பழைய வினாத்தாளும்தான்.

போட்டியும் செமஸ்டர் தேர்வும் ஒரே நாளில் மோதினால்? தேர்வு அட்டவணை வந்த அன்றே பி.டி. சாரிடம் காட்டுங்கள். முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். பல்கலைக்கழக அணிக்கு ஆடுபவர்களுக்குத் தனித் தேர்வு வைத்த முன்னுதாரணங்கள் உண்டு, ஆனால் எழுத்தில் உத்தரவு கைக்கு வரும் வரை அது இல்லை என்றே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். தேர்வுக்குப் போகாவிட்டால் மார்க் ஷீட்டில் ஆப்சென்ட் என்று விழும், அது ஒரு முயற்சியாகவே எண்ணப்படும். ரேங்க்குக்கும் டிஸ்டிங்ஷனுக்கும் எல்லாத் தாளிலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. நன்றாகப் படிக்கும் வீரருக்கு ஒரே ஒரு ஆப்சென்ட் மூன்று வருஷ உழைப்பைக் கீழே இறக்கிவிடும்.

இந்த மோதலை ஒரு வீரர் எப்படித் தாண்டினார் என்று பாருங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் வீரர் மைரன் ரோலுக்கு, ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவும் ரோட்ஸ் உதவித்தொகைக்கான நேர்காணல் 2008 நவம்பரில் மேரிலாண்டுக்கு எதிரான ஆட்டத்தன்றே விழுந்தது. அவர் நேர்காணலுக்குத்தான் போனார். முடிந்ததும் விமானத்தில் வந்து இறங்கி, ஆட்டத்தின் நடுவில் அணியோடு சேர்ந்தார். உதவித்தொகையும் கிடைத்தது, இன்று அவர் நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர். பயிற்சியாளரும் பல்கலைக்கழகமும் முன்கூட்டியே திட்டம் போட்டதால் நடந்தது அது. நமக்கு விமானம் கிடையாது. முன்கூட்டியே தேதியைச் சொல்ல மட்டும் காசு வேண்டாம்.

எந்தத் தாளில் நேரம் போடுவது

கிரெடிட் சராசரியைக் கணக்கிடத் தெரியாமல் மூன்று வருஷத்தை ஓட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு தாளின் கிரெடிட்டையும் கிரேடு புள்ளியையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 100-க்கு 58 என்றால் புள்ளி 5.8 என்று போடும் முறையில் ஒரு செமஸ்டர்:

தமிழ் 3 கிரெடிட், 70 மார்க்: 21. ஆங்கிலம் 3 கிரெடிட், 52: 15.6. முதல் முதன்மைப் பாடம் 5 கிரெடிட், 58: 29. இரண்டாவது 5 கிரெடிட், 61: 30.5. விருப்பப் பாடம் 3 கிரெடிட், 55: 16.5. திறன் பாடம் 2 கிரெடிட், 75: 15. அடிப்படைப் பாடம் 2 கிரெடிட், 80: 16. கூட்டினால் 143.6, கிரெடிட் 23, சராசரி 6.24.

திறன் பாடத்தில் இன்னும் 10 மார்க் கூட்டினால் சராசரி 6.33. அதே 10 மார்க்கை முதல் முதன்மைப் பாடத்தில் கூட்டினால் 6.46. சீசன் நடுவில் கிடைக்கும் நாலு மணி நேரத்தை எந்தப் புத்தகத்தில் போடுவது என்று இனி யாரிடமும் கேட்க வேண்டாம்.

தமிழகத்தில் மூன்றாண்டு இளங்கலைக்கு வழக்கமாக 140 கிரெடிட். அமெரிக்கர்களின் 40-60-80-ஐ நம் மூன்று வருஷத்துக்கு மாற்றினால் இப்படி வைத்துக்கொள்ளலாம்: முதல் ஆண்டு முடிவில் குறைந்தது 40 கிரெடிட், இரண்டாம் ஆண்டு முடிவில் 85 கிரெடிட். இதற்குக் கீழே இருந்தால் அந்த விடுமுறையில் ஊர் டோர்னமெண்ட் வேண்டாம் என்று அணியே ஒரு முடிவு எடுக்கட்டும். கேப்டன் இதைச் சொன்னால் பையன்கள் கேட்பார்கள், பேராசிரியர் சொன்னால் கேட்க மாட்டார்கள். விரிவாக்கப் பணி என்ற பகுதியில் விளையாட்டுக்கே ஒரு கிரெடிட் உண்டு. அதைப் பி.டி. ரூமில் பதிந்துகொள்ள மறந்துவிட்டு, டிகிரி சமயத்தில் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேரளத்தில் 2024-25 முதல் நான்காண்டு இளங்கலை வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டோடு 133 கிரெடிட்டில் வெளியே வரலாம், 177 கிரெடிட்டோடு நான்காம் ஆண்டை முடித்தால் ஹானர்ஸ். ஆராய்ச்சியோடு கூடிய ஹானர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் வரையறை. ஐந்தாம் செமஸ்டரில் ஆசைப்பட்டுப் பயனில்லை. முதல் செமஸ்டர் மார்க்கும் அதில் எண்ணப்படுகிறது. அங்கே விளையாட்டுச் சாதனைக்குக் கிரேஸ் மார்க் உண்டு, அது பல எல்லையோர வீரர்களைக் கரை சேர்த்திருக்கிறது. ஆனால் தானாக வராது. சான்றிதழ் நகலோடு குறித்த தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எந்த நிலைப் போட்டிக்கு எவ்வளவு, எந்தச் செமஸ்டரில் சேர்ப்பது என்பதை அந்த ஆண்டின் உத்தரவைப் பார்த்துச் செய்யுங்கள். போன வருஷம் சீனியருக்கு நடந்தது உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று இருக்காதீர்கள்.

ஹானர்ஸ் என்றதும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் படிப்பிலும் ஆட்டத்திலும் சேர்ந்து சிறந்தவர்களை 1952 முதல் அகாடமிக் ஆல்-அமெரிக்கா என்று தேர்ந்தெடுத்து வருகிறார்கள். ஃபுட்பால் வீரர்களுக்கு மட்டுமான கேம்ப்பெல் டிராஃபி 1990-இல் தொடங்கியது. 4-க்கு 3.2 சராசரி இருந்தால்தான் பேரே பரிந்துரைக்கப்படும். டென்னஸியின் பெய்டன் மேனிங் 1997-இல் அதை வாங்கினார். நம் கல்லூரி விளையாட்டு விழாவில் கோல் போட்டவனுக்குக் கோப்பை கிடைக்கிறது, கோலும் போட்டு 70 சதவீதமும் எடுத்தவனை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. ஒரு ஷீல்டு செய்ய அதிகம் செலவில்லை. பழைய வீரர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒன்று கொடுத்தால், அரியர் இல்லாமல் ஆடுவது பெருமை என்று ஜூனியர்களுக்குத் தெரியும்.

செவன்ஸும் காயமும்

கிறிஸ்துமஸ் வாரம், ஈஸ்டர் விடுமுறை, ஊர்த் திருவிழா என்றால் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஊர்ப் போட்டி) அழைப்பு வரும். கையில் கொஞ்சம் காசும் வரும். வீட்டு நிலைமை தெரிந்தவர்கள் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் ஆடாதீர்கள். கெட்டித் தரையில் இரவு ஆட்டம், மறுநாள் வகுப்பில் தூக்கம், நடுவில் ஒரு கணுக்கால் சுளுக்கு. இதற்கு ஓ.டி. கிடையாது, கல்லூரியின் பொறுப்பும் கிடையாது.

தலையில் அடிபட்டால் தனிக் கவனம். இரண்டு தலை மோதி மயக்கம், வாந்தி, குழப்பம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, உடனே மருத்துவர். முதல் ஒன்றிரண்டு நாள் செல்போனும் படிப்பும் குறைத்து ஓய்வு. தலைவலியோடு இரவெல்லாம் படித்தால் ஏறாது, குணமாவதும் தள்ளிப்போகும். மருத்துவச் சான்றிதழை அன்றைய தேதியிலேயே வாங்குங்கள். பத்து நாள் கழித்து வாங்கிய சான்றிதழைக் கண்டனேஷனுக்கு ஏற்கத் தயங்குவார்கள்.

அமெரிக்கா அனுப்புகிறேன் என்று யாராவது வந்தால்

அங்கே சாக்கர் உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் ஒரு கேள்வி போதும்: "என் பதினாறு பாடக் கணக்கைக் காட்டுங்கள்." என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்குப் பள்ளியில் 16 அடிப்படைப் பாட அலகுகளும் 4-க்கு 2.3 சராசரியும் வேண்டும். அந்தப் பதினாறில் ஆங்கிலம் 4, கணக்கு 3, அறிவியல் 2, இந்த மூன்றில் கூடுதலாக ஒன்று, சமூக அறிவியல் 2, மிச்சம் 4 இவற்றிலிருந்தோ வேறு சில பாடங்களிலிருந்தோ. ஒன்பதாம் வகுப்பு முதலே எண்ணுவார்கள், பிளஸ் டூ மார்க் மட்டும் போதாது. என்.சி.ஏ.ஏ.-யின் தகுதி மையத்தில் பதிவை மாணவரே செய்யலாம், இடைத்தரகர் தேவையில்லை. ஹார்வர்ட், யேல் உள்ள ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை என்பதே கிடையாது, அந்தப் பெயரைச் சொல்லி யாராவது வாக்குக் கொடுத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

சான்றிதழ்

மத்திய அரசு குரூப் சி வேலைகளில் விளையாட்டுப் பிரிவில் சேர, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதும் ஒரு தகுதி. அதற்கான தாள் படிவம் 3. பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரோ, விளையாட்டுக்கு முழுப் பொறுப்பான அதிகாரியோ அதில் நேரில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கல்லூரி பி.டி. சாரின் கையெழுத்து அங்கே செல்லாது. ரயில்வேயில் விளையாட்டுத் தகுதியோடு படிப்பையும் பார்த்துத்தான் நிலை பிரிக்கிறார்கள்: பத்தாம் வகுப்புக்கு ஒன்று, பிளஸ் டூவுக்கு அதற்கு மேல், டிகிரிக்கு அதற்கும் மேல். பக்கத்தில் நின்று ஆடிய இரண்டு பேரில் அரியரை முடித்தவர் மேலே விண்ணப்பிப்பார், மற்றவர் கீழே.

எல்லையோரப் பிள்ளைகளுக்குப் பேர் ஒரு தொல்லை. பிளஸ் டூ சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் அப்பா பேர் முழுசாக, கேரளத்தில் படித்தவருக்கு வீட்டுப் பேரின் எழுத்தும் சேர்ந்து இரண்டு இனிஷியல், விளையாட்டுச் சான்றிதழில் கூப்பிடும் பேர். போட்டிக்கான தகுதிப் படிவம் நிரப்பும் அன்றே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள், பிறந்த தேதியையும் சேர்த்து. சான்றிதழ் கைக்கு வந்ததும் பேர், ஆண்டு, போட்டியின் பேர், அணி பெற்ற இடம், கையெழுத்து, முத்திரை ஆறையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். தப்பு இருந்தால் அந்த வாரத்திலேயே திருத்தலாம். மூன்று வருஷம் கழித்து, பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏறிப் போனால், அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.